இருநூறு மணி நேரம் வீடியோ பார்த்தும் கல்வெட்டில் ஒரு வரி படிக்க முடியவில்லையே?

கும்பகோணம் பக்கத்திலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில அடையாளங்களை மாற்றிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

அஞ்சல் துறையில் 34 வருடம் வேலை. அதில் பெரும்பகுதி தபால் பிரிக்கும் பிரிவில். ஓய்வு பெற்றதும் மகள் ஒரு டேப்லெட் வாங்கித் தந்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கோயில் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்க ஆசை என்பதால், யூடியூபில் கல்வெட்டு வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். மதியச் சமையல் முடிந்தால் நான்கு மணி வரை அதுதான். பதினொரு சேனல், மூன்று வாட்ஸ்அப் குழு. நேரம் போதாமல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுவாராம். ஒன்றரை வருடத்தில் எப்படியும் இருநூறு மணி நேரத்துக்கு மேல் பார்த்திருப்பேன் என்று கணக்குச் சொல்கிறார்.

போன கோடை விடுமுறையில் பேத்தியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவள் சுவரைக் காட்டி, "பாட்டி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"ஸ்வஸ்திஸ்ரீ என்ற தொடக்க மங்கலச் சொல்லைத் தவிர ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. வீடியோவில் பார்த்தபோது எல்லாம் புரிந்ததே! என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபக மறதி இருந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?" இது அவரது முதல் கேள்வி. அடுத்தது பணம். ஒரு தனியார் இணையதளத்தில் கல்வெட்டு டிப்ளமோவுக்கு 48,000 ரூபாய் கேட்கிறார்கள். 3,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். மீதியை ஒன்பது தவணையில் கட்டலாம் என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. அதில் ஆதார், பான் எண்களைக் கொடுத்தாயிற்று, கடைசி ஓடிபி மட்டும் பாக்கி. "இன்று இரவோடு அட்மிஷன் முடிகிறது" என்று தினமும் போன் வருகிறதாம். "வீட்டுக்காரர், முட்டி வலியோடு இந்த வயசில் உனக்கு எதுக்கு இதெல்லாம் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்துவிட்டது" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓடிபியை யாருக்கும் சொல்லவும் வேண்டாம், எதிலும் போடவும் வேண்டாம். காரணத்தைக் கீழே விளக்குகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மறதியா?

உங்கள் கடிதத்தில் நான் தேடியது வேறு அறிகுறிகளை. பழகிய தெருவில் வழி தப்புவது, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை கேட்பது, இத்தனை நாள் சரியாகப் பார்த்த பால் கணக்கில் குழம்புவது, அடுப்பில் வைத்ததை அடிக்கடி மறப்பது, இதையெல்லாம் வீட்டில் மற்றவர்கள் கவனித்துச் சொல்வது. இப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. எந்தச் சேனலில் எந்தப் பாடம் எப்போது பார்த்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். கற்றுக்கொள்ளாத ஒன்று நினைவுக்கு வரவில்லை என்றால் அதற்குப் பெயர் மறதி இல்லை.

வயதானால் புதியதைப் பிடித்துக்கொள்ள நேரம் கூடுதலாக ஆகும் என்பது உண்மை. ஒன்றரை மடங்கு வேகம் உங்களுக்கு எதிராக வேலை செய்வதும் அதனால்தான். ஆனால் கற்கவே முடியாது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களில் சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலையை மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் கற்றார்கள். வேறு சிலர் அதே அளவு நேரம் கூடிப் பேசி, பொழுது போக்கினார்கள். நினைவாற்றல் சோதனையில் முன்னேறியவர்கள் கற்றவர்கள்தான். நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தாரே! ஐராவதம் மகாதேவன் தொழிலால் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கல்வெட்டை அவர் ஆர்வத்தால் எடுத்துக்கொண்டார். தமிழ் பிராமி என்ற மிகப் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் பற்றிய அவரது பெரிய நூல் 2003-ல் வந்தபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அதற்குப் பின்னால் நாற்பது வருட உழைப்பு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த உயரத்துக்குப் போகவேண்டியதில்லை. பேத்தி காட்டிய சுவர் போதும்.

அம்மாவின் நினைவு உங்களைப் பயமுறுத்துகிறது என்றால், அந்தப் பயத்துக்காகவே ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பி12, தைராய்டு, தூக்கம், காது கேட்கும் திறன், மனச்சோர்வு இவற்றை அவர் முதலில் பார்ப்பார். இதில் பலவும் சரிசெய்யக்கூடியவை. காது கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் வீடியோவில் பாதி போய்விடும். கேட்காததை நாம் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

பார்த்ததெல்லாம் எங்கே போனது?

நீங்கள் எழுதியதில் "வீடியோவில் பார்த்தபோது எல்லாம் புரிந்ததே" என்ற வரியில்தான் சிக்கல் இருக்கிறது. புரிந்தது உண்மை. ஆனால் அங்கே படித்தவர் யார்? வீடியோ எடுத்தவர் படிக்கிறார், அம்புக்குறி எழுத்தின் மேல் நகர்கிறது, கீழே இன்றைய தமிழில் அதே வரி ஓடுகிறது. உங்கள் கண் கீழ்வரியைத்தான் படித்திருக்கும். கோயில் சுவரில் கீழ்வரி கிடையாது.

மைக்கேல் கார்டஸ், எட் ஓ'பிரையன் என்ற இருவர் 2018-ல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். டார்ட் எறிதல், மூன்வாக் நடனம் மாதிரியான வித்தைகளின் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு இருபது தடவையும் காட்டினார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்கு "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நன்றாக ஏறியது. செய்யச் சொன்னபோது அவர்களும் மற்றவர்கள் மாதிரிதான் சொதப்பினார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்கிற வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கையில் ஒரு நாணல் தட்டையைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் நான்கு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே வேளை படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவில் நின்றது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். எழுதிப் பார்க்கும்போது வரும் தடுமாற்றத்தை நாம் தோல்வி என்று நினைக்கிறோம். மனதில் பதிவது அந்தத் தடுமாற்றத்தில்தான்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. 34 வருடம் கிறுக்கல் முகவரிகளைப் படித்துப் பிரித்தவர் நீங்கள். எந்த வகுப்பில் அதைக் கற்றீர்கள்? கட்டைப் பிரித்து, தப்பான பையில் போட்டு, திரும்பி வந்து, திட்டு வாங்கி, மறுநாள் அதே கையெழுத்தைப் பார்த்ததும் ஊரைச் சொல்லியிருப்பீர்கள். எழுத்து தெளிவாக இல்லாவிட்டாலும், தாலுகாவை வைத்து ஊரையும் ஊரை வைத்துத் தெருவையும் ஊகித்திருப்பீர்கள். கல்வெட்டு படிப்பவர் செய்வதும் இதையேதான். தஞ்சைப் பெரிய கோயிலில் "பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர்" என்று வரும். வளநாடு, கூற்றம், ஊர். தபால் முகவரியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, பெரியதிலிருந்து சிறியதற்கு. நன்கொடைக் கல்வெட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரு படிவம் உண்டு: ஸ்வஸ்திஸ்ரீ, மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ் பாடும் முன்னுரை), அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்த பொருள், கடைசியில் பல கோயில்களில் "இது பன்மாஹேஸ்வர ரக்ஷை", அதாவது இது சிவனடியார்களின் காப்பில் இருக்கட்டும் என்று. படிவம் மனதில் இருந்தால் தேய்ந்த எழுத்தும் வாய் திறக்கும்.

திரையை எப்படிப் பயன்படுத்துவது?

டேப்லெட்டை மூடிவைக்கச் சொல்லமாட்டேன். கல்வெட்டுக்கு அதைவிட நல்ல கருவி வீட்டில் கிடைக்காது. படத்தை விரலால் பெரிதாக்கலாம், நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தலைகீழ் நிறத்தில் பார்த்தால் சில எழுத்துகள் பளிச்சென்று எழும்பும். ஒரு தலைமுறைக்கு முன் இதற்கு மைப்படி (கல்லில் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் பிரதி) எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள்.

பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். வேகத்தைச் சாதாரணத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்வெட்டுப் படம் திரையில் வந்ததும், அவர் படிக்கும் முன்பே நிறுத்துங்கள். கீழ்வரியை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டு, தெரிகிற எழுத்துகளை நோட்டில் எழுதுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு ஓட விட்டுத் திருத்துங்கள். பத்து நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

எந்த எழுத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நிற்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நடுநடுவே வடமொழிக்கான கிரந்த எழுத்துகள் வரும். பேத்தி முன்னால் நீங்கள் திணறியதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. இவற்றை வீடியோவில் கேட்டிருப்பீர்கள். கேட்டது கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. முதலாம் இராசராசனின் "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்துவிடுங்கள். பல கோயில்களில் அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். வரி முன்பே தெரிந்திருப்பதால் எழுத்தை மட்டும் கவனித்தால் போதும். விடை சரிபார்க்க, தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதிகள் 1890-லிருந்து அச்சாகி வருகின்றன. அதில் இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி பெரிய கோயில்தான். பழைய தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கல்வெட்டு நூல்கள் நிறைய இருக்கின்றன.

மூன்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மீதி ஒன்றில், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று படம் மட்டும் போடாமல், "நான் இப்படிப் படிக்கிறேன், சரியா?" என்று உங்கள் பாடத்தையும் சேர்த்துப் போடுங்கள். தப்பாகப் படித்திருந்தால் திருத்த நாலு பேர் வருவார்கள். தப்பைத் திருத்துவதில் நம் ஆட்களுக்கு இருக்கும் உற்சாகம் வேறு எதிலும் கிடையாது.

பாதியில் விட்ட ஆன்லைன் பாடங்களைப் பற்றியும் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச இணையப் பாடங்களில், 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம்தான். சரி, அந்தக் கவலையை விடுங்கள்.

அந்த 48,000 ரூபாய்

நான் வழக்கறிஞர் இல்லை. நுகர்வோர் வழக்குகள் நடத்தும் நண்பரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"தவணை" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் கடன். ஏதோ ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் 45,000 ரூபாயைப் பாடம் நடத்துபவருக்குக் கொடுத்துவிடும், நீங்கள் நிதி நிறுவனத்துக்குக் கட்டுவீர்கள். வகுப்பு பிடிக்காமல் நீங்கள் நின்றாலும் தவணை நிற்காது. ஆதார், பான், ஓடிபி எல்லாம் கேட்பது அதற்காகத்தான் இருக்க வேண்டும். கடைசி ஓடிபி கொடுக்காதவரை நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்குத் தெரியாமல் கடன் ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். யுபிஐ செயலியில் ஆட்டோபே (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க விடும் வசதி) பகுதியைத் திறந்து, ஏதாவது அனுமதி கொடுத்திருந்தால் ரத்து செய்யுங்கள்.

"அரசு அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ" என்றார்களாமே, எந்த அமைப்பு, எந்த ஆணை எண் என்று எழுத்தில் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. சான்றோ, சிறுதொழில் பதிவோ படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. தொல்லியல் துறையில் வேலை கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தமிழக அரசு ஊழியர்களே 60-ல் ஓய்வு பெறுகிறார்கள். 61-ல் உங்களுக்கு அரசு வேலை என்று சொன்னவர், நீங்கள் அனுப்பிய ஆதாரில் பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை!

3,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசவேண்டாம். வேலை, அங்கீகாரம் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் தேதியோடு எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கு மேலும் போகவேண்டுமானால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த விவகாரங்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பணம் வருமா என்று கேட்டால், வரலாம், வராமலும் போகலாம். 3,000-க்காக எவ்வளவு தூரம் அலைவது என்பதை முட்டியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காசு கொடுத்துப் படிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் நோட்டை வாங்கித் திருத்தித் தரும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அவருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. அந்த நிறுவனத்தின் பாடத்திட்டத்தை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். 120 மணி நேரப் பதிவு வீடியோ, மாதம் ஒரு நேரலை, கடைசியில் சான்றிதழ். பயிற்சி, திருத்தம் என்ற சொற்களே அதில் இல்லை. இருநூறு மணி நேரம் இலவசமாகப் பார்த்ததை இன்னொரு 120 மணி நேரம் காசு கொடுத்துப் பார்க்கப்போகிறீர்கள்.

தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் மனம் ஆறும் என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. 2017-லிருந்து இயங்குகிறது. வீடியோ, படிக்கும் குறிப்புகள், சுயமதிப்பீட்டுக் கேள்விகள், விவாத அரங்கம் என நான்கும் சேர்ந்தது ஒரு பாடம். சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். வரலாறு, தொல்லியல் சார்ந்த பாடங்கள் எந்தப் பருவத்தில் வருகின்றன என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உங்கள் முட்டியைப் பற்றியும் 48,000 ரூபாயைப் பற்றியும்தான் கவலைப்படுகிறார் என்று தோன்றுகிறது. இரண்டும் நியாயமான கவலைதான். ஓடிபி விஷயத்தை இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கே தொடங்குவது?

பேத்தி கேட்ட அந்தச் சுவருக்கு இப்போதைக்குப் போகவேண்டாம். தாராசுரம் உங்களுக்குப் பக்கம்தானே? ஐராவதேசுவரர் கோயில் கருவறையின் அடிப்பகுதியைச் சுற்றி அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக இருக்கின்றன. முதலை வாயிலிருந்து பிள்ளையைச் சுந்தரர் மீட்பதைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்குப் பெயர்க் குறிப்பு வெட்டப்பட்டிருக்கிறது. படமும் எழுத்தும் சேர்ந்தே இருக்கும், கதையும் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் இராசராசன் காலத்து மல்டிமீடியா என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொன்றும் சில சொற்கள்தான். ஒரு தடவைக்கு ஐந்து போதும். முதலில் கண்ணால் படித்து நோட்டில் எழுதுங்கள், பிறகு போட்டோ எடுங்கள், வீட்டுக்கு வந்து டேப்லெட்டில் பெரிதாக்கித் திருத்துங்கள். தேய்ந்தவற்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

டார்ச் வெளிச்சத்தை எழுத்துக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சிலர் தெளிவாகத் தெரியட்டும் என்று மாவும் சுண்ணாம்பும் தடவுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. கல்லுக்கும் கெடுதல், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சட்டப்படியும் குற்றம்.

சிற்ப வரிசை தாழ்வாக இருக்கிறது. நின்று குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் முட்டி பிடித்துக்கொள்ளும். மடக்கு ஸ்டூல் ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். வீட்டுக்காரர் கூட வந்தால் டார்ச்சை அவரிடம் கொடுத்துவிடலாம்.